ஊதிய நீலம்

காந்தி ரோட்டில், வங்காள எழுத்தில் பெயர் போட்ட
மருந்துக்கடைக்கு மாடியில் இருக்கிறேன்.
பீங்கானில் பல் செய்வது வேலை.
வாய்கள் என்னிடம் வருவதில்லை.
அவற்றின் அச்சு வரும், டாக்டரின் சீட்டோடு.

மேல்விஷாரத்திலிருந்து தாஹிரா கொண்டுவந்தது
குளியல் துண்டில் பொதிந்த ஒரு தட்டு.
"பல்லை ஒட்டுறீங்க, இதையும் ஒட்டுங்க."
மாமனாருக்குத் தோல் வியாபாரம்.
கோபே துறைமுகத்தில் எவரோ
பாக்கிக்கு ஈடாகக் கொடுத்ததாம்.
நானூறு வயசு இருக்கும் என்று சொன்னவர் போய்விட்டார்.
ஆறு துண்டு இருக்கிறது.
ஏழாவது கூட்டிப் பெருக்கியதில் போயிற்று.

விளக்கடியில் கவிழ்த்தேன்.
அகலத்துக்குப் பொருந்தாத குட்டிப் பாதம்,
அதில் ஒட்டி வெந்த சூளை மணல்.
பாதத்தைச் சுற்றி மெருகு படாத ஐந்து திட்டு:
பிடித்து முக்கியவரின் விரல்கள்.
என் விரல்களை வைத்துப் பார்த்தேன், சேரவில்லை.
இடது கையை வைத்தேன்.
சேர்ந்தது.

முன்பக்கம் ஒரு மேகம்,
எழுத மறந்த சீட்டு மாதிரி ஒரு கட்டம்,
நடுவே வெள்ளையாய் ஒரு பிராணி.
தலைக்கு மேலேதான் ஓட்டை.

வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்களாம்.
கொழுந்தன் இனாயத்துல்லாவுக்கு அது பூனை.
நாத்தனாருக்குக் கீரி.
மாமியார் கழுதைக்குட்டி என்றே சாதித்தார்.
முப்பது ரமலான் அதில் பேரீச்சை வைத்து
நோன்பு திறந்த குடும்பம்;
காதை ஒருத்தரும் பார்த்ததில்லை.
பேரீச்சை மறைத்திருக்கும்.

பூதக்கண்ணாடியில் தேடினேன்.
பிராணியைச் சுற்றித் தூரிகைக் கோடே இல்லை.
பொடிப்பொடியாய் நீலம், ஓரத்தில் அடர்ந்து, விலக விலக மெலிந்து.
காகிதத்தை வெட்டி வைத்து
வாயால் ஊதியிருக்கிறார்கள்.
எங்கள் தெரு இஸ்திரிக்காரர் கோதண்டம்
சட்டைமேல் தண்ணீரை ஊதுவாரே, அப்படி.
காகிதத்தை எடுத்ததும் பிராணி.
யாரும் அதை வரையவில்லை.
நீலம் போகாத இடம் அது.
எக்ஸ்ரேயில் பல் வெளுப்பதும் இதே கணக்குதான்.

ஆறாவது துண்டின் விளிம்பில்
அரிசி நொய்யளவு ஒரு வெள்ளை, கூராய்.
தலையிலிருந்து இரண்டு விரல் தூரம்.
அவ்வளவு நீளக் காதுக்குப் பூனையும் கீரியும் ஆகாது.
கழுதைக்கு வாலில்லை.
முயல்.
நிலாவில் நாம் கறை என்று ஒதுக்கியதை
அந்த ஊரில் மாவு இடிக்க விட்டிருக்கிறார்களாம்.

புதுத் துண்டுக்கு என் பீங்கான் வெளுப்பு அதிகம்.
வெற்றிலை போடுகிறவர்களுக்குக் கலக்கும்
ஏ-மூன்று நிறத்தைக் கலந்தேன்.
முன்பல் நுனிக்குத் தொட்டுவைக்கிற நீலம் ஒன்று உண்டு;
ஒரு குப்பி மூன்று வருஷம் வரும்.
மே மாத மத்தியானத்தில் ஃபேனை நிறுத்தி,
சீட்டின் பின்பக்கத்தில் இரண்டு காது வெட்டி,
இளநீர்க் கடை உறிஞ்சியால் ஊதினேன்.
முதல் தடவை எச்சில்.
இரண்டாவது தும்மல்.
மூன்றாவதில் ஒரு காது நிமிர்ந்தது, மற்றது கொஞ்சம் மடங்கி.
ஒன்றுக்கு நுனி சாட்சி இருக்கிறது.
மடங்கியது என் பொய்.

சிறு உலையில் சுட்டு ஒட்டினேன்.
தாஹிரா வெகுநேரம் பார்த்தார்.
"கழட்ட முடியுமா?"
முடியும், தற்காலிக சிமெண்டுதான் என்றேன்.
"சரி. இனாயத்துக்குப் பூனை வேணும்னா
கழட்டிக்கிறோம்."
பல்லுக்கு வாங்கும் அதே கூலியைக் கொடுத்தார்.
உதட்டில் நீலம் என்றார், போகும்போது.

மேசையில் நான் ஊதியது அப்படியே இருக்கிறது,
நடுவில் ஏழாவது துண்டின் வடிவில் ஒரு வெள்ளை.
துடைக்க வேண்டும்.
இப்போதைக்கு அதன்மேல்
அசன்சோலிலிருந்து வந்த ஒருவரின்
கீழ்க் கடைவாய்ப் பல் காய்கிறது.